தைப்பூசத்தன்று ஒரு அணிவகுப்பு மரியாதை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நான் அந்த மணி. டில்லியில் எங்கள் பாதுகாப்புத் துணை அமைச்சர் எந்த நாட்டுக்குப் புறப்பட்டாலும், ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே ஒரு பெட்டி நிறையக் காகிதங்களோடு என்னை அனுப்பிவிடுவார்கள். அவர் என்ன சாப்பிடுவார், எந்தக் காது மந்தம், காரில் கட்ட வேண்டிய கொடி என்ன அளவு, இசைக்குழுவுக்கு நம் தேசிய கீதத்தின் இசைக்குறிப்பு என்று எல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கும். யானை வந்து இறங்கிவிட்டால் மணியை யாரும் கவனிக்கமாட்டார்கள். எனக்கும் அதில் குறையில்லை. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில், கேட்காமல் அமைச்சர் முன்னால் வாயைத் திறந்தவன் இல்லை நான். அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சிங்கப்பூருக்குப் போகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம். தமிழ் பேசலாம், இட்லி கிடைக்கும், டில்லிக் குளிரிலிருந்து தப்பிக்கலாம். அந்த நாடு தனி நாடாகி அப்போது இரண்டு மூன்று வருஷம்தான். கொடி புதிது, ராணுவம் புதிது. புதுக் குடித்தனக்காரர்கள் விருந்தாளிக்குத் தட்டு வைப்பதில் எவ்வளவு கவனமாக இருப்பார்களோ அவ்வளவு கவனம் அவர்களுக்கு.

முதல் நாள் காலையிலேயே ஒரு தவறு செய்தேன். தங்கியிருந்த இடத்துக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக் கடை. சுட்ட ரொட்டியில் பச்சை நிறத்தில் ஒரு ஜாம் தடவிக் கொடுத்தார்கள். தேங்காய் வாசனை அடித்தது. மூன்று துண்டு சாப்பிட்டு, நாலாவதைக் கையில் எடுத்தபோது பக்கத்து மேஜையில் இருந்த தமிழர், "முட்டை சாப்பிடுவீங்களா சார்?" என்றார். மாட்டேன் என்றேன். "அதுல முட்டைதான் பாதி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். திருநெல்வேலிச் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து நாற்பத்திரண்டு வயது வரை காப்பாற்றிய விரதம் மூன்று துண்டு ரொட்டியில் போயிற்று. ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்கு லிம் என்பவரைப் பார்க்கப் போனேன். வெளிநாட்டு விருந்தினர் வரவேற்பு ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு. ஒல்லியான மனிதர். ஒரு கறுப்பு நோட்டுப் புத்தகமும் கூராகச் சீவிய பென்சிலும் அவர் கையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. டில்லியில் நானே பெரிய கேள்விக்காரன் என்று நினைத்திருந்தேன். அவரிடம் என் பருப்பு வேகவில்லை.

அமைச்சர் எத்தனை அடி உயரம் என்று கேட்டார். மேடைப்படி அதற்குத் தகுந்தபடி போட வேண்டுமாம். நிமிஷத்துக்கு எத்தனை எட்டு எடுத்து வைப்பார் என்று கேட்டார். அணியை அவர் பார்வையிட்டு முடிக்கும்போது பாண்டு வாத்தியமும் முடிய வேண்டும், பாதியில் அறுந்தால் அசிங்கம் என்றார். முழங்காலில் வலி உண்டா, தொப்பி போடுவாரா, கையில் தடி வைத்திருப்பாரா என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியாக, "வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது யாரிடமாவது நின்று பேசுவாரா?" என்றார்.

"மாட்டார்" என்றேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் அமைச்சர் அணிவகுப்பைப் பார்வையிடுவதும் மழைக்கு ஒதுங்க ஓடுவதும் ஒரே வேகத்தில்தான். லிம் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

அந்த அறையில்தான் செல்வராஜைப் பார்த்தேன். இருபத்தேழு வயதிருக்கும், லெப்டினன்ட். அமைச்சருக்குக் கொடுக்கும் மரியாதை அணிக்குத் தலைமை அவர்தான். கையில் வாளோடு முன்னால் நின்று ஆணையிடுவது, பிறகு நடந்து வந்து "அணி தயார்" என்று விருந்தாளியிடம் சொல்லிக் கூட்டிப் போவது அவர் வேலை. லிம்மிடம் இங்கிலீஷில் விறைப்பாகப் பேசியவர், வெளியே வந்ததும் தளர்ந்து, "சார் சைவமா? அப்ப கடையில தேடாதீங்க. நம்ம வீட்டுக்கு வந்துடுங்க லா. இந்த மாசம் முழுக்க எங்க வீட்லயும் சைவம்தான்" என்றார். அந்த 'லா' அந்த ஊர்ப் பேச்சின் வால்.

ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ரொட்டி விஷயம் மனசை உறுத்திக்கொண்டிருந்ததால் உடனே ஒப்புக்கொண்டேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில், கீழே கடையும் மேலே குடியிருப்புமான வரிசை வீடுகளில் ஒன்றின் மாடி. சாயங்காலம் போனபோது நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று படி உச்சியில் நின்று வழிமறித்தது. "செடியா" என்று கத்தியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நேரா நிக்கணுமாம் சார். மலாய்ல எங்க ட்ரில் ஆர்டர் எல்லாம். நான் பிராக்டிஸ் பண்றதக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் வந்துடுச்சு" என்றார் செல்வராஜ். நான் நேராக நின்றேன். "செனாங் டிரி" என்றாள். கால்களை அகட்டி நிற்கலாம் என்று அர்த்தமாம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். பெயர் மீனா. தெருவே கேட்கிற குரல்.

செல்வராஜின் மனைவி தனம் வாழையிலையில் சாதம், முருங்கைக்காய்ச் சாம்பார், பயற்றங்காய்ப் பொரியல், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒரு கீரை எல்லாம் பரிமாறினார். கீரைக்கு மலாய்ப் பெயர் சொன்னார், மறந்துவிட்டது. நம் ஊரில் இருப்பதைவிடப் புளி குறைவு, காரம் கூடுதல். மூன்றாம் முறை சாதம் போட்டபோதுதான் சைவத்தின் காரணம் வெளியே வந்தது.

"போன வருஷம் இவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்துடுச்சு அண்ணே. மூச்சு விட முடியல. குரலே போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்க. முருகா, இவ வாய் தொறந்து பேசிட்டான்னா, இவ அப்பா தைப்பூசத்துக்கு நாக்குல அலகு குத்திக் காவடி எடுப்பாருன்னு வேண்டிக்கிட்டேன். மூணாம் நாள் அம்மான்னு கூப்பிட்டா" என்றார் தனம்.

"வேண்டிக்கிட்டது இவ. குத்திக்கப் போறது நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல சார்" என்றார் செல்வராஜ்.

"உங்களக் கேட்டா யோசிப்பீங்க. யோசிக்கிற நேரமா அது?" என்றார் தனம். செல்வராஜ் சிரித்தார். ஆனால் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது பூஜை அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளி வேலை எடுத்துக் காட்டிய விதத்தில் விளையாட்டு இல்லை. நம் சுண்டுவிரல் நீளம் இருக்கும். தைப்பூசம் புதன்கிழமை. அமைச்சர் வருவது வியாழக்கிழமை. ஒரு நாள் இடைவெளி இருக்கிறது, நாக்கு ஆறிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஒத்திகை. முகாமுக்குப் போக ஒரு வாடகைக் கார் பிடித்தேன். உரிமம் இல்லாத கள்ள டாக்சி என்று எனக்குத் தெரியாது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர், ஒரு கூடைக் கோழி. தூரத்தில் போலீஸ்காரரைப் பார்த்ததும் டிரைவர் ஒரு சந்தில் திரும்பி எங்களை எல்லாம் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டார். புக்கிட் மேரா என்றார்கள். புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகள், ஒவ்வொரு சன்னலிலிருந்தும் மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கோழிக்காரம்மாள் என்னைவிட நிதானமாக இருந்தார். கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்து ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு வார்த்தை இருவருக்கும் பொதுவாக இல்லை.

வேர்த்து வழியப் போய்ச் சேர்ந்தால், திடலில் நூறு பேர் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்து, உயரப்படி வரிசை. அவர்களுக்கு முன்னால் தமிழர் ஒருவர் மலாய் மொழியில் ஆணையிடுகிறார். வாத்தியம் வாசிப்பது இங்கிலீஷ் பாணி. வரப்போவது இந்திய அமைச்சர். வேடிக்கை பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. வெயிலில் மயங்கி விழாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று ஓரத்தில் நின்ற ஒரு சார்ஜண்டைக் கேட்டேன். பூட்ஸுக்குள் கால்விரலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருப்போம், வெளியே தெரியாது என்றார்.

லிம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். "நீங்களும் அமைச்சரும் ஒரே உயரம்" என்றார். அடுத்த நிமிஷம் சிவப்புக் கம்பளத்தின் ஒரு முனையில் என்னை நிற்க வைத்துவிட்டார்கள். செல்வராஜ் வாளை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து, "ஹோர்மாட், செஞ்சாத்தா" என்றார். நூறு துப்பாக்கிகள் ஒரே சத்தத்தில் எனக்கு மரியாதை செய்தன.

அமைச்சர் அசையாமல் நிற்க வேண்டும் என்று பதினெட்டு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன், கைகூப்பி, குனிந்து, நூறு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டேன். வரிசையில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. செல்வராஜ் முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. வாளைத் தாழ்த்தி என் எதிரே வந்து, "அணி தங்கள் பார்வைக்குத் தயார், சர்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு மரியாதையோடு யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் நம் தூதரகத்துக்கு டில்லியிலிருந்து தந்தி வந்தது. பாராளுமன்ற வேலை காரணமாக அமைச்சரின் பயணம் ஒரு நாள் முன்னால் நகர்கிறது. புதன்கிழமை மாலை நாலு மணிக்கு இறங்குகிறார், வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறார். வழக்கமாக இப்படி ஒரு தந்தி வந்தால் கார், விருந்து, ஓட்டல் என்றுதான் என் புத்தி ஓடும். அன்றைக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வெள்ளி வேல்.

லிம்மிடம் தேதி மாறியதை மட்டும் சொன்னேன். அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை. முருகனின் சொந்த ஊரான நம் பக்கத்தில்கூட அன்றைக்கு ஆபீஸ் உண்டு. "விடுமுறை என்றால் சாலை நெரிசல்தான் கவலை" என்று எழுதிக்கொண்டார். செல்வராஜ் காலையில் மட்டும் கோயிலுக்குப் போக அனுமதி கேட்டார், கிடைத்தது. அங்கே என்ன செய்யப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் அடுப்புச் சத்தம்கூட இல்லை. கோயில் பண்டாரத்தைக் கேட்டதில், பங்குனி உத்திரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். தனம் கேட்பதாக இல்லை.

"முருகன் மூணாம் நாளே குரல் குடுத்தான் அண்ணே. பங்குனி வரைக்கும் பொறுத்துக்கன்னு சொன்னானா? அவங்க வேற ஆபீசர வெச்சுக்கட்டும். மாத்து ஆள் ஒருத்தர் இருக்காரு இல்ல?"

இருக்கிறார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு மாற்றுத் தலைவர் சீருடையோடு தயாராக நிற்பார், அது எல்லா ஊரிலும் விதி. செல்வராஜ் சன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"இதான் எனக்கு முதல் அணி, சார். இந்தியாவிலேர்ந்து அமைச்சர் வர்றார், அதனால இந்தியன் ஒருத்தன நிறுத்தியிருக்காங்கன்னு மெஸ்ஸுல பேச்சு. வேலை தெரிஞ்சுதான் நிறுத்தினாங்கன்னு காட்டணும். இப்ப ஒதுங்கினா அந்தப் பேச்சே நிலைச்சுடும்" என்றார்.

"நாக்கில் துளை போட்டுக்கொண்டு எப்படி ஆணையிடுவீர்கள்?" என்றேன்.

"எங்க குக் போன வருஷம் காலையில குத்திக்கிட்டு மத்தியானம் சமைக்க வந்துட்டான் லா."

"சமைக்க நாக்கு எதற்கு?"

"உப்புப் பாக்க வேணாமா?" என்றார். அவரே சிரிக்கவில்லை. பிறகு மீனாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டையும் செஞ்சிடறேன்" என்றார். அந்தப் பெண் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்து எதையோ வற்புறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. லிம்மிடம் ஒரு வார்த்தை சொல்வது என் கடமை. சொன்னால் மாற்று ஆள் வந்துவிடுவார். சொல்லாமல் விட்டு, அமைச்சர் முன்னால் இந்தப் பையனுக்குக் குரல் எழும்பாமல் போனால் இரண்டு நாடுகளுக்கும் தலைகுனிவு. கேட்காமல் பேசாதே என்ற என் பழைய விதிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. ஒரு விதி நமக்கு வசதியாக இருக்கும்போது அதை எவ்வளவு பக்தியோடு கடைப்பிடிக்கிறோம்.

புதன்கிழமை விடிந்ததும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பெருமாள் கோயிலில் புறப்பட்டு, மூன்று மைல் நடந்து, டேங்க் ரோட்டில் முருகனிடம் காவடியை இறக்குவது அந்த ஊர் வழக்கம். மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குப் போகிற மாதிரி. தோளில் காவடி, முதுகில் கொக்கி, கன்னத்தில் வேல் என்று ஆட்கள் போகிறார்கள். சீனப் பெண்மணி ஒருவர் பால்குடம் தூக்கிப் போனார். சாலையோரம் தண்ணீர்ப்பந்தலில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், கடையநல்லூர்க்காரர், மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். "வருஷா வருஷம் குடுக்கிறதுதான். வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்.

செல்வராஜ் மஞ்சள் வேட்டியில் நின்றார். திடலில் பார்த்த விறைப்பு எங்கும் இல்லை. பண்டாரம் விபூதியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாக்கை நீட்டு" என்றார். சுற்றி நின்றவர்கள் வேல் வேல் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வெள்ளி வேல் நாக்கில் நின்றது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தனம் கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மீனா மட்டும், "அப்பா பேசமாட்டாரா?" என்று என்னைக் கேட்டாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பேசுவார் என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு டேங்க் ரோட்டில் வேலைக் கழற்றி நாக்கில் விபூதி வைத்தார்கள். மூன்று மணிக்குப் பாயா லேபார் விமான நிலையத்தில் அவரைப் பார்க்கிறேன். மீசை தவிர மழுங்கச் சிரைத்த முகம், வெள்ளைச் சீருடை, இடுப்பில் வாள், நெற்றியில் விபூதியின் தடம்கூட இல்லை. லிம் அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். செல்வராஜ் வாயை மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார்.

விமானம் வந்தது. அமைச்சர் இறங்கி மேடையில் ஏறினார். அவருக்கு இடது காது மந்தம், அதனால் விதிவிலக்காக என்னை இரண்டடி பின்னால் நடந்து வரவிட்டிருந்தார்கள். என் கால்விரல்கள் பூட்ஸுக்குள் ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

செல்வராஜ் வாளை உயர்த்தினார். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல் எழுந்தது. ஒத்திகையில் கேட்டதைவிடப் பெரிதாக, தெளிவாக, வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் போயிற்று. துப்பாக்கிகள் ஒரே சத்தத்தில் நிமிர்ந்தன. இரண்டு நாட்டுக் கீதங்களும் முடிந்தன. அவர் நடந்து வந்து, அமைச்சரின் எதிரே நின்று, "அணி தங்கள் பார்வைக்குத் தயார், சர்" என்றார். துளை போட்ட நாக்கில் ஓர் எழுத்துகூடத் தடுமாறவில்லை. அவர் உதட்டின் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அலகு குத்தியபோது வராத ரத்தம் ஆணையிட்டபோது வந்துவிட்டது. அமைச்சர் அதை ஒரு நொடி பார்த்தார். பிறகு வழக்கமான வேகத்தில் அணியைப் பார்த்து முடித்தார். யாரிடமும் நிற்கவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

ஏழு மணிக்கு விருந்து. என் இடம் அமைச்சரின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. பெயர்கள் காதில் விழாவிட்டால் குனிந்து சொல்ல வேண்டியது என் வேலை. எதிரே அவர்களுடைய கர்னல் ஒருவர், பக்கத்தில் லிம். சூப் முடிந்து அடுத்த தட்டு வந்தபோது அமைச்சர் சந்தோஷமாகச் சொன்னார்:

"அணி பிரமாதம், கர்னல். எங்கள் ஆட்களுக்கு ஒரு படி மேலேயே சொல்வேன். அந்த இளைஞனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு அணிவகுப்புக்கு வரக் கூடாது. உதடெல்லாம் சிவப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள்."

பிரியமாகத்தான் சொன்னார். வெற்றிலைச் சிவப்பைக் கண்ணால் கண்டறிந்ததில் அவருக்கு ஒரு பெருமை. ஆனால் கர்னல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். விருந்தாளி முன்னால், அணிக்குத் தலைமை தாங்கி நிற்கும்போது வெற்றிலை. லிம் மடியில் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார்.

பேசாமல் இருந்தால் அந்தப் பையன் வெற்றிலை போட்டவன். பேசினால் உடம்பில் காயத்தை மறைத்துத் தலைமை தாங்கியவன். இரண்டும் குற்றம். ஆனால் ஒன்று பொய். அந்தப் பென்சில் காகிதத்தைத் தொடுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டிருந்தேன்.

"சர், அது வெற்றிலை இல்லை. ரத்தம்" என்றேன்.

மேஜையே திரும்பிப் பார்த்தது. அமைச்சர் நல்ல காதை என் பக்கம் திருப்பினார். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் தொண்டை, தாயின் வேண்டுதல், தேதியை மாற்றிய தந்தி, காலையில் நாக்கில் வேல், மாலையில் அந்த ஆணை.

கர்னல் என்னைக் கேட்டார்: "உமக்கு இது முன்பே தெரியுமா?"

"தெரியும்."

அமைச்சர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு விருந்து முடிகிற வரை ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போனேன். தனம் படியிலேயே நின்றார். சாப்பிட வாங்க என்று சொல்லவில்லை.

"காலையில ஏழு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் வரல. உங்கள யாரு அண்ணே கேட்டா?"

பதினெட்டு வருஷமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டு வந்த கேள்வி அது. வெற்றிலைப் பழி வந்ததைச் சொன்னேன். கேட்டார். "அவரு வெத்தல போட்டதே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருவில் ஒரு கடலைக்காரர் காகிதக் கூம்பில் கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். அதுதான் அன்றைக்கு என் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை காலை வழியனுப்பும் அணி. இதற்கு ஐம்பது பேர்தான். தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்த அணியில் முன்னால் வாளோடு நடப்பவர் யார் என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெயில் கூசியது. அணி வந்து நின்று, "செடியா" என்ற சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்தக் குரலை நான் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பேன்.

செல்வராஜ் வந்து எதிரே நின்று தன் வாக்கியத்தைச் சொன்னார். அமைச்சர் நகரவில்லை. பாண்டு ஆரம்பித்துவிட்டது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்?" என்றார்.

செல்வராஜ் பார்வையை நேராக வைத்தபடி, "வீட்டில் எல்லாருக்கும் ஆணை போடுகிறாள், சர்" என்றார்.

அமைச்சர் தலையசைத்து, அன்றைக்கு ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு, மெதுவாக நடந்தார். பாண்டு பாதி வழியிலேயே தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. லிம் என் பக்கத்தில் வந்து, உதட்டை அசைக்காமல், "நின்று பேசமாட்டார் என்றீர்களே" என்றார். நோட்டைத் திறந்து அந்த 'இல்லை'யை அடித்தார்.

யானை போய்விட்டது. மணி மறுநாள்தான் புறப்பட வேண்டும். மாலையில் விடைபெறப் போனபோது செல்வராஜ் கைலியில் இருந்தார்.

"மறைச்சதுக்குக் கர்னல் ஒரு மணி நேரம் திட்டினார் சார். எழுதியும் வெச்சுட்டார். அப்புறம் நாக்கைக் காட்டுன்னார். காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, வெள்ளிக்கிழமை நீதான்னுட்டுப் போயிட்டார்."

தனம் இலை போட்டார். "அண்ணனுக்குச் சாம்பார் இன்னும் ஊத்துங்க" என்று கணவரிடம் சொன்னபோது, என்மேல் கோபம் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டேன்.

படியிறங்கி என் காகிதப் பெட்டியோடு தெருவுக்கு வந்தேன். மேலே சன்னல் திறந்தது.

"செடியா!"

நடைபாதையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றேன். பூக்கட்டுகிற அம்மாள் ஒருவர், சைக்கிளில் போன ஒரு சீனர், இரண்டு மலாய்ப் பையன்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மீனா சன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு என்னைக் காக்க வைத்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொண்டையில் சத்தமே இல்லை. கை கூப்பாமல், குனியாமல், அசையாமல் நின்றேன்.

"பெர்சூராய்" என்றாள் கடைசியாக. கலைந்து போகலாம் என்று அர்த்தம். வலப்பக்கம் திரும்பி, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.